எண்ணும் இயந்திரமும் பெயரற்ற பதிப்பாசிரியரும்: சங்க இலக்கிய மின்பாடங்கள் குறித்த விவாதங்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இலக்கிய ஆய்வில் கணினியின் இடம் குறித்த விவாதம் தமிழ்ச் சூழலில் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. தொழில்நுட்பம் பழந்தமிழ் நூல்களை அனைவர்க்கும் உரியதாக்கியது என்பது ஒன்று. அது ஆழ்ந்த வாசிப்பைச் சிதைக்கிறது என்பது மற்றொன்று. இவ்விரு நிலைப்பாடுகளும் மின்பாடத்தை ஓர் ஐயத்திற்கு இடமற்ற மூலமாக ஏற்றுக்கொண்ட பின்னரே தம் வாதத்தைத் தொடங்குகின்றன. மின்பாடம் என்பதும் ஒரு பதிப்பே. பதிப்பாசிரியரின் பெயரும் அவர் மேற்கொண்ட முடிவுகளும் பெரும்பாலும் மறைந்துபோன பதிப்பு. சொல்லெண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு எழும் ஆய்வு முடிவுகள் இப்பெயரற்ற பதிப்பாசிரியரின் முடிவுகளைச் சார்ந்தே அமைகின்றன என்பதைச் சங்க இலக்கியச் சான்றுகளின் வழி இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மின்பாடம், பாட வேறுபாடு, பதிப்பு, சொல்லடைவு, ஒருங்குறி, தொலைவாசிப்பு, செயற்கை நுண்ணறிவு.

முன்னுரை

சங்க இலக்கியத்தில் ஒரு சொல் எத்தனை இடங்களில் பயின்று வந்துள்ளது என்பதைக் கண்டறிய ஒரு தலைமுறைக்கு முன்னர் ஆய்வாளர் ஒருவர் பல மாதங்கள் செலவிட்டார். பாடல்களை வரிவரியாகப் படித்து, அட்டைகளில் குறித்து, அகரவரிசைப்படுத்திய பின்னரே அவருக்கு விடை கிட்டியது. இன்று அப்பணி சில நொடிகளில் நிறைவுறுகிறது. இதன் விளைவாக முனைவர்ப்பட்ட ஆய்வேடுகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் அட்டவணைகளும் விழுக்காடுகளும் பெருகியுள்ளன. இவ்வளர்ச்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும், அட்டவணையில் இடம்பெறும் எண் எந்தப் பதிப்பின் எந்தப் பாடத்திலிருந்து பெறப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. எண்ணும் செயல் எளிதான அளவிற்கு, எண்ணப்படும் பொருளைப் பற்றிய கவனம் குறைந்துள்ளதோ என்னும் ஐயமே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளியாகும்.

உலக அளவிலான விவாதம்

கணினியைக் கொண்டு நூல்களை ஆராயும் முயற்சி புதியதன்று. இத்தாலிய இயேசு சபைத் துறவியான ரொபர்ட்டோ பூசா, தாமஸ் அக்குவினாஸின் எழுத்துகளுக்குச் சொல்லடைவு உருவாக்கும் பணிக்காக 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியை நாடினார். அப்பணி 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சில் வெளிவந்தது. இயந்திரத்தின் துணை இருந்தும் அப்பணிக்கு ஏறத்தாழ முப்பதாண்டுகள் தேவைப்பட்டமைக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு சொல் வடிவத்தையும் அதன் அடிச்சொல்லோடு இணைக்கும் முடிவை மனிதர்களே மேற்கொள்ள வேண்டியிருந்தது.

2000ஆம் ஆண்டில் ஃபிராங்கோ மொரெட்டி ‘தொலைவாசிப்பு’ என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தார். தனி நூல்களை நுணுகி வாசிப்பதை விடுத்து, எண்ணற்ற நூல்களின் பொதுப்போக்கை அளந்தறிதல் உலக இலக்கியத்தை விளங்கிக்கொள்ள உதவும் என்பது அவர்தம் கருத்தாகும். 2019இல் நான் ஸி. டா, ‘கிரிட்டிகல் இன்குயரி’ இதழில் வெளியிட்ட கட்டுரையில் இப்போக்கைக் கடுமையாக மறுத்தார். கணிப்புமுறை ஆய்வுகளில் உறுதியான முடிவுகள் முன்னரே வெளிப்படையாக அறியப்பட்டவையாகவும், புதிய முடிவுகள் உறுதியற்றவையாகவும் உள்ளன என்பது அவர் வாதத்தின் சாரம். இவ்விவாதம் இன்றளவும் ஓயவில்லை.

இவ்விருவரும் கருத்தில் கொள்வன பெரும்பாலும் அச்சுக் காலத்தில் தோன்றிய புதினங்கள். அவற்றில் மூலபாடம் எது என்னும் சிக்கல் ஓரளவே உண்டு. ஏட்டிலிருந்து அச்சிற்கும் அச்சிலிருந்து திரைக்கும் வந்த சங்க இலக்கியத்தின் நிலை வேறு. ஆகவே, அவ்விவாதத்தைத் தமிழுக்கு அப்படியே இறக்குமதி செய்வது போதுமானதன்று. ‘எண்ணலாமா?’ என்னும் வினாவிற்கு முன்னதாக ‘எதை எண்ணுகிறோம்?’ என்னும் வினாவைத் தமிழாய்வு எதிர்கொண்டாக வேண்டும்.

ஏடு, அச்சு, திரை: மூன்று பெயர்வுகள்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரிதும் இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் தெளிவாகக் காட்டப்படவில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ‘கொடு’, ‘கோடு’ என்னும் இரு சொற்களும் ஏட்டில் ஒரே தோற்றம் கொண்டிருந்தன. ஆகவே, ஏட்டை வாசித்தல் என்பதே பொருளறிந்து முடிவெடுக்கும் செயலாக இருந்தது. யாப்பு, உரை, இணைப்பகுதிகள் ஆகியவற்றின் துணைகொண்டே பதிப்பாசிரியர்கள் பாடத்தைத் தீர்மானித்தனர்.

சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும், புறநானூற்றை 1894இலும், ஐங்குறுநூற்றை 1903இலும், பதிற்றுப்பத்தை 1904இலும், பரிபாடலை 1918இலும் வெளிக்கொணர்ந்தார். குறுந்தொகை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாராலும், 1937இல் உ.வே. சாமிநாதையராலும் பதிப்பிக்கப்பெற்றது. உ.வே.சா. தமக்குக் கிடைத்த ஏடுகளைப் பற்றிய செய்திகளை முன்னுரையிலும், பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பிலும் தந்தார். தாம் ஏற்ற பாடத்தை மட்டுமன்றி, ஏற்காது விடுத்தவற்றையும் வாசகர் முன் வைத்தமை அவர்தம் பதிப்பு நெறியின் சிறப்பாகும். அதனால்தான் பின்வந்தோர் அவரோடு மாறுபடவும் இயன்றது.

1940இல் எஸ். வையாபுரிப்பிள்ளையின் சங்க இலக்கியப் பதிப்பு சமாஜத்தின் வாயிலாக வெளிவந்தது. அது பாடல்களைத் தொகைநூல் வரிசையிலிருந்து பிரித்துப் புலவர் வரிசையில் அமைத்தது. ஒரே மூலத்தை வேறொரு கேள்விக்கு ஏற்ப மறுவரிசைப்படுத்தும் இம்முறை, இன்றைய தரவுத்தளத்தின் செயலை அச்சிலேயே நிகழ்த்திக் காட்டியது எனலாம். 1950களின் இறுதியில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் சந்தி பிரித்து, குறைந்த விலையில் பொதுவாசகரைச் சென்றடைந்தன. சந்தி பிரித்தலும் பொருள்கோடலே என்பது நோக்கத்தக்கது. ஈவா வில்டன் பதிப்பித்த நற்றிணை (2008), குறுந்தொகை (2010) ஆகியன சுவடிகளையும் அச்சுப் பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பாட வேறுபாடுகளை விரிவாகப் பதிவு செய்துள்ளன.

மூன்றாம் பெயர்வு திரைக்கு நிகழ்ந்தது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கியது. 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்) உரைகளுடன் கூடிய மின்னூலகத்தை உருவாக்கியது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் நூலகம் திட்டம் ஆவணப்படுத்தி வருகிறது.

அணுகல் என்னும் வாதம்

மின்பாடத்தை ஆதரிப்போரின் வாதம் வலிமையானது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. பழம்பதிப்புகள் பெருநகர நூலகங்கள் சிலவற்றில் மட்டுமே கிடைத்த காலத்தில், சிற்றூர்க் கல்லூரியின் ஆய்வு மாணவர் தம் ஆய்வுப்பொருளையே கையில் கிட்டும் நூல்களுக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ள நேர்ந்தது. யார் ஆய்வு செய்யலாம் என்பதை நூலகத்தின் தொலைவு தீர்மானித்தது. மின்பாடம் இத்தடையைப் பெருமளவு தகர்த்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, மாற்றுப்படி இல்லாத நூல்களும் சுவடிகளும் மீட்க இயலாதவாறு அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக அறிவைச் சேமிப்பதன் இடரை அந்நிகழ்வு உணர்த்தியது.

எதிர்த்தரப்பினர் இவ்வணுகலை மறுப்பதில்லை. தேடிப் பெற்ற ஓரடியை, அப்பாடலின் கூற்று, திணை, துறை, சூழல் ஆகியவற்றோடு பொருத்தாமல் மேற்கோளாக்கும் போக்கினையே அவர்கள் சுட்டுகின்றனர். இக்குறை உண்மையே. ஆயினும், அகராதியையும் சொல்லடைவையும் மட்டும் புரட்டி மேற்கோள் திரட்டும் வழக்கம் அச்சுக் காலத்திலும் இருந்தது. ஆகவே அதனைக் கணினியின் குற்றமாக மட்டும் கொள்ள இயலாது.

இவ்விரு தரப்பினரும் விவாதிப்பது வாசகரைப் பற்றி, பாடத்தைப் பற்றியன்று. அச்சுப் பதிப்பு திரைக்கு வரும்போது பெரும்பாலும் மூலம் மட்டுமே தட்டச்சு செய்யப்படுகிறது. முன்னுரையும் பாட வேறுபாட்டு அடிக்குறிப்பும் விடுபடுகின்றன. ஒரு படியிலிருந்து மற்றொரு படி, அதிலிருந்து இன்னொரு படி எனப் பரவும்போது எந்த அச்சுப் பதிப்பு அடிப்படை என்னும் குறிப்பும் உதிர்ந்துவிடுகிறது. பதிப்பாசிரியர் மறைகிறார், அவர் எடுத்த முடிவுகள் மட்டும் மூலம் என்னும் பெயரில் எஞ்சுகின்றன.

எண்ணிக்கை தடுமாறும் இடங்கள்

இம்மறைவு ஆய்வு முடிவுகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதை நான்கு நிலைகளில் காணலாம்.

முதலாவது, புணர்ச்சி. ‘செம்புலப் பெயனீரார்’ என்னும் புலவர் பெயரே இதற்குத் தக்க சான்று. பெயல், நீர் ஆகிய இரு சொற்கள் புணரும்போது லகரமும் நகரமும் திரிந்து ‘பெயனீர்’ ஆகின்றன. சந்தி பிரிக்காத பாடத்தில் ‘பெயல்’ என்று தேடினாலும் ‘நீர்’ என்று தேடினாலும் இவ்விடம் அகப்படாது. ‘கடனீர்’ என்பதும் ‘கடல்’ என்னும் தேடலுக்குத் தப்பிவிடும். சந்தி பிரித்த பாடத்திலோ இவ்விடர் குறையும். ஆனால் பிரித்தவரின் பொருள்கோள் அங்கு நுழைந்திருக்கும். ஒரே தொகைநூலின் இரு மின்பாடங்களில் ஒரே சொல்லைத் தேடி இரு வேறு எண்களைப் பெறுதல் இதனால் இயல்பாகிறது.

இரண்டாவது, பல்பொருள். ‘மதி’ என்பது நிலவையும் அறிவையும் குறிக்கும் பெயர்ச்சொல். அதுவே முன்னிலை அசைச்சொல்லாகவும் வரும் என்பதைத் தொல்காப்பிய இடையியல் உரைக்கிறது. சங்கப் பாடல்களில் நிலவின் பயில்வை ஆராய்பவர் ‘மதி’யின் எண்ணிக்கையை அப்படியே கொள்வாராயின், தலைவியை நோக்கிய ஏவல்களும் நிலவின் கணக்கில் சேர்ந்துவிடும். இது திருத்தத்தக்க பிழை. திருத்த இயலாத சிக்கலும் உண்டு. ‘வேங்கை’ மரத்தையும் புலியையும் குறிக்கும். குறுந்தொகை 47ஆம் பாடலில், வேங்கைப் பூக்கள் உதிர்ந்து பரவிய பாறை, இரவில் புலிக்குட்டி போலத் தோன்றுவதாகக் கூறப்படுகிறது. அங்கு வேங்கை என்பது மரமே என இயந்திரம் வகைப்படுத்துமாயின் அது பிழையாகாது. எனினும், மரத்தின் பெயருக்குள்ளேயே புலியின் பெயரும் ஒலிப்பதைச் செவியுறும் வாசகருக்குக் கிட்டும் உவமையின் நயம், அவ்வகைப்பாட்டில் இடம்பெறாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்னும் தரவுக் கட்டமைப்பு, கவிதை இயங்கும் முறைக்கே மாறாக அமைகிறது.

மூன்றாவது, அளவுகோல். புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் மறைந்தன. பரிபாடலின் எழுபது பாடல்களில் 22 மட்டுமே முழுமையாக எஞ்சின. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளும், அகநானூற்றுப் பாடல்கள் 13 முதல் 31 அடிகளும் கொண்டவை. இரண்டும் நானூறு என்னும் அளவினவேயாயினும், பாடல் எண்ணிக்கையின் அடிப்படையில் ஒரு சொல்லின் விழுக்காட்டை ஒப்பிடுவது சிறு முகவையையும் பெரு முகவையையும் ஒன்றெனக் கொள்வதற்கு ஒப்பாகும். எஞ்சியவற்றின் எண்ணிக்கையை இருந்தவற்றின் எண்ணிக்கையாகக் கருதிச் சமூக வரலாறு எழுதுவது மேலும் இடர்மிக்கது.

நான்காவது, எழுத்துருக் குறியீடு. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் பல்வேறு குறியீட்டு முறைகள் வழங்கின. அவற்றிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பட்ட பாடங்களில் பிழைகள் தங்கியிருக்க வாய்ப்புண்டு. ‘ஔ’ என்னும் எழுத்தை ஒரே குறியீடாகவும், ஒகரமும் ளகரமுமாகிய இரு குறியீடுகளாகவும் உள்ளிடும் வழக்கம் காணப்படுகிறது. எகரத்திற்கு மாறாக, அதனை ஒத்த வடிவுடைய ஏழு என்னும் தமிழ் எண்குறி புகுந்துவிடுவதும் உண்டு. கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. இயந்திரத்திற்கோ அவை வெவ்வேறு. ‘ஔவையார்’ என்று தேடுபவர் அப்பெயரின் பிற எழுத்து வடிவங்களையும், ‘அவ்வையார்’ என்னும் வடிவத்தையும் இழக்கிறார். ஏட்டுக் காலத்தில் ஒரே வடிவம் பல ஒலிகளைக் குறித்துப் பதிப்பாசிரியரை மயக்கியது. திரைக் காலத்தில் ஒரே தோற்றம் பல குறியீடுகளை மறைத்து ஆய்வாளரை மயக்குகிறது. முன்னவர் தம் மயக்கத்தை அறிந்திருந்தார் என்பதே வேறுபாடு.

சமூக முடிவுகளும் பாடக்குறிப்பும்

இச்சிக்கல் மொழியியல் நுட்பத்தோடு நிற்பதன்று. சமூகம் பற்றிய முடிவுகளையும் தொடுகிறது. சங்கப் பெண்பாற்புலவர்கள் எத்தனை பேர் என்பதில் அறிஞர் தரும் எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று ஒத்துவருவதில்லை. புலவர் பெயரின் ஈறு பாலை உணர்த்தாமை, ஒருவரே பல பெயர்களில் வழங்கியிருக்கக் கூடுமா என்னும் ஐயம், ஏடுகளில் பெயர்கள் வேறுபடுதல் ஆகியன இதற்குக் காரணங்களாம்.

புறநானூற்றின் 83 முதல் 85 வரையிலான பாடல்களைப் பாடியவரைப் பாடலின் இறுதிக்குறிப்பு, பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் எனச் சுட்டுகிறது. இதில் ‘மகள்’ என்னும் சொல் பால் பற்றிய நேரடிச் சான்றாகும். தரவுத்தளத்தில் ‘ஆசிரியர்’ என்னும் கட்டத்திற்குள் அடக்கும்பொருட்டு இக்குறிப்பு ‘நக்கண்ணையார்’ எனச் சுருக்கப்படுமாயின், அச்சான்று மறைந்துவிடும். திணை, துறை, பாடியோர், பாடப்பட்டோர் பற்றிய குறிப்புகள் பாடலுக்குப் புறம்பானவை எனக் கருதி நீக்கப்படும்போது, நூற்றாண்டுகளாகப் பாடலோடு பயணித்த வாசிப்பு மரபொன்றே நீக்கப்படுகிறது. அக்குறிப்புகள் பிற்காலத்தன என்றும் ஐயத்திற்குரியன என்றும் வாதிடலாம். அவ்வாறு வாதிடுவதற்கும் அவை பாடத்தோடு இருந்தாக வேண்டும்.

எத்தனை பெண்கள் பாடினர் என்னும் எண், பழந்தமிழ்ச் சமூகத்தில் பெண்கல்வி பற்றிய முடிவுகளுக்கு அடித்தளமாகிறது. அம்முடிவுகள் பாடநூல்களிலும் மேடைகளிலும் பரவுகின்றன. எனவே, தரவுத்தளத்தில் எந்தக் கட்டத்தில் எதை இடுவது என்னும் சிறு முடிவும் சமூக வரலாற்றை எழுதும் செயலில் பங்கேற்கிறது.

செயற்கை நுண்ணறிவு: மறைவின் அடுத்த படி

2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டிற்கு வந்த பின்னர் இவ்விவாதம் புதிய கட்டத்தை அடைந்துள்ளது. மொழி மாதிரிகள் தாம் பயின்ற பாடங்களை நூலகம் போலச் சேமித்து எடுத்துத் தருவதில்லை. முன்வந்த சொற்களை அடுத்து எது வரக்கூடும் என்னும் நிகழ்தகவின் அடிப்படையில் தொடர்களை உருவாக்குகின்றன. இதனால், சங்க நடையை ஒத்த, ஆனால் எந்தத் தொகைநூலிலும் இல்லாத அடியொன்று, நூற்பெயருடனும் பாடல் எண்ணுடனும் வெளிப்பட இயலும். தேடுபொறி இல்லாததை ‘இல்லை’ என்றது. மொழி மாதிரியோ இல்லாததையும் இருப்பதுபோலத் தரவல்லது.

மின்பாடத்தில் பதிப்பாசிரியர் பெயர் மறைந்திருப்பினும் முயன்றால் அடிப்படைப் பதிப்பைக் கண்டறியலாம். மொழி மாதிரி தரும் விடையில் பல பதிப்புகளின் பாடங்களும், உரைகளும், பிழைகளும், வலைத்தளக் கருத்துகளும் கலந்து, பிரித்தறிய இயலாத ஒன்றாகின்றன. பாட வேறுபாடு என்னும் கருத்தாக்கமே அங்குப் பொருளிழக்கிறது. வேறுபாடு என்பது இரண்டு சான்றுகளுக்கு இடையில் மட்டுமே நிலவ இயலும். சான்றுகள் கரைந்துபோன இடத்தில் வேறுபாட்டிற்கும் இடமில்லை.

இதனைக் காரணமாக்கி இக்கருவிகளை முற்றிலும் விலக்குவது தீர்வாகாது. சுவடிப் படங்களை வாசித்தல், சொற்பிரிப்பிற்கான வாய்ப்புகளை முன்வைத்தல், ஒத்த தொடர்களைத் திரட்டுதல் ஆகியவற்றில் அவற்றின் உதவி பயனளிக்கக் கூடும். அவை முன்வைப்பதை மூலத்தோடு ஒப்பிட்டு ஏற்கவும் மறுக்கவும் வல்ல ஆய்வாளர் இருக்கும்வரை அவை கருவிகளாக நிலைபெறும். அத்தகைய ஆய்வாளரை உருவாக்கும் சுவடியியல், பதிப்பியல், யாப்பியல் பயிற்சி கல்விநிலையங்களில் நலிவுறுமாயின், கருவியே சான்றாக மாறிவிடும்.

பதிப்பு நெறியைத் திரைக்குக் கொணர்தல்

பாட வேறுபாடுகளைத் திரையில் காட்டுவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. 1987இல் தொடங்கிய டி.இ.ஐ. என்னும் பன்னாட்டு முயற்சி, மூலபாடத்தையும் அதன் வேறுபாடுகளையும், அவ்வேறுபாடு எந்தச் சுவடியில் அல்லது பதிப்பில் உள்ளது என்பதையும் குறிக்கும் முறையை வகுத்துள்ளது. அச்சுப் பக்கத்தின் அடிக்குறிப்பில் இடக்குறைவால் சுருக்கப்பட்டவை திரையில் முழுமையாக இடம்பெறலாம். ஒரே பாடலைச் சந்தி பிரித்தும் பிரியாமலும் காட்டலாம். ‘மதி’ என்பது எவ்விடத்தில் அசை, எவ்விடத்தில் நிலவு எனக் குறிப்பதோடு, அம்முடிவை எடுத்தவர் யார் என்பதையும் பதிவு செய்யலாம். ‘வேங்கை’ போன்ற இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளை ஒருங்கே குறிக்கவும் இயலும்.

அத்தகைய மின்பதிப்புகள் உருவாகும்வரை, எண்ணிக்கை சார்ந்த ஆய்வுகள் சில அடிப்படைச் செய்திகளையேனும் தருதல் வேண்டும். எந்த மின்பாடம், அதன் அச்சு அடிப்படை யாது, சந்தி பிரிக்கப்பட்டதா, எந்தெந்தச் சொல்வடிவங்கள் தேடப்பட்டன, பல்பொருள் ஒருசொற்கள் எவ்வாறு பிரிக்கப்பட்டன, விழுக்காட்டின் அடிப்படை பாடலா அடியா சொல்லா என்பன அவை. இவற்றைக் கூறாத அட்டவணையை மற்றோர் ஆய்வாளர் சரிபார்க்க இயலாது. சரிபார்க்க இயலாத எண், தோற்றத்தில் துல்லியமாயினும் தன்மையில் கருத்துரையே. நெறியாளர்களும் ஆய்வேட்டு மதிப்பீட்டாளர்களும் இவ்வினாக்களை எழுப்பத் தொடங்குவார்களாயின் நிலை விரைவில் மாறும்.

முடிவுரை

இலக்கியமும் தொழில்நுட்பமும் பற்றிய தமிழ் விவாதம், பரவலா சிதைவா என்னும் எதிர்நிலைகளில் நெடுங்காலம் நின்றுவிட்டது. சங்க இலக்கியத்தைப் பொறுத்தவரை, ஏட்டிலிருந்து அச்சிற்குப் பெயர்ந்தபோது பதிப்பாசிரியர் தம் பெயரையும் ஐயங்களையும் பக்கத்திலேயே பதிவு செய்தார். அச்சிலிருந்து திரைக்குப் பெயர்ந்தபோது பாடம் வந்து சேர்ந்தது. ஐயங்கள் வந்து சேரவில்லை. திரையிலிருந்து மொழி மாதிரிக்குப் பெயரும் இன்றைய நிலையில் பாடமே ஐயத்திற்குரியதாகிவிட்டது.

சங்கப் பாடல் ஒன்றை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் நூற்பெயரையும் பாடல் எண்ணையும் தருவதோடு நிறைவடைகிறார். அவற்றோடு பதிப்பையும் தரும் வழக்கம் மீளவேண்டும். அச்சிறு வழக்கம் மீளுமாயின், மின்பாடம் பரப்பிய அணுகலும் பதிப்பியல் காத்த நம்பகமும் ஒருங்கே தமிழாய்விற்கு வாய்க்கும்.